இரண்டில் ஒரு டிரான்ஸ்மிட்டர்

முருகானந்தம் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களையும் துடைத்து மேசைமேல் வைத்திருந்தார். ஓசூரில் மகனோடு குடியேறப் போகிறார். மகன் இருக்கும் அடுக்குமாடியில் ஆன்டெனா கட்ட விடமாட்டார்களாம். அவரைப்போலவே, வீட்டிலிருந்தே பிறரோடு வானொலியில் பேசும் ஹாம் உரிமம் வைத்திருக்கும் கலைமணியின் செட் போன மாதம் புகைந்துபோயிருந்தது. அதனால்தான் மல்லசமுத்திரத்திலிருந்து கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு அவளை வரச் சொல்லியிருந்தார்.

"எது வேணுமோ எடுத்துக்குங்க அம்மிணி."

"ரெண்டையுமே ஏத்தியுடுங்க," என்றாள் உள்ளிருந்து அவர் மனைவி செல்லாயி. "இந்த இரும்புக்கும் சேத்தி ஓசூர்ல வாடகை கட்டோணுமாக்கும்?"

ஒன்று வெளிநாட்டுச் செட். கைக்கு அடக்கம், பார்க்க அழகு. குரல் மட்டும் மெலிந்து போகும். மற்றது அவரே வால்வு வால்வாகப் பொருத்திக் கட்டியது. தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஆனால் ஏ.எம். என்ற பழைய முறையில் பேசுகிறவரின் மூச்சைக்கூட அது கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அவருக்கு என் குரல் எதில் நன்றாகக் கேட்கும் என்று யோசித்தாள் கலைமணி. பிறகுதான் உறைத்தது. அவர் கேட்கப்போவதே இல்லை. மற்றவர்கள் எல்லோரும் புது முறைகளுக்குப் போய்விட்டார்கள், ஏ.எம்.மில் அவளுக்குப் பதில் சொல்ல இருந்தவர் இவர் ஒருவர்தான். தனியாளாக வாழும் அவள், செட் புகையும்வரை, விடிந்ததும் வாய் திறந்து பேசிய முதல் சொல் இவரிடம்தான்.

சின்னதை நீங்கள் கொண்டுபோங்கள், ஜன்னலோரம் ஒரு கம்பியையாவது கட்டுங்கள் என்று சொல்ல வேண்டும். ஆனால் அவர் பேசிக்கொண்டே இருந்தார். வானொலியில் என்றால் பேசி முடித்ததும் 'ஓவர்' என்பார், அவள் தொடங்குவாள். பல வருடப் பழக்கம். நேரில் அந்தச் சொல் வரவே இல்லை. அவர் வால்வுகளைப் பற்றிச் சொன்னார், பேரனைப் பற்றிச் சொன்னார், ஓசூர்க் குளிரைப் பற்றிச் சொன்னார். அவள் காத்து நின்றாள்.

"என்னங்க, வாயே தொறக்க மாட்டேங்கறீங்க? ரேடியோவுல என்னைய பேசவே உடமாட்டீங்களே!" என்றார் முருகானந்தம்.

"பெருசை எடுத்துக்கறனுங்க," என்றாள். பிறகு மெல்ல, "சின்னதை நீங்க வெச்சுக்குங்க சார். என்னைக்காவது..."

"எனக்கெதுக்குங்க? போனு இருக்குது. காலைல வாட்ஸ்அப்புல ஒரு வணக்கம் போட்டாப் போச்சு."

பூப்போட்ட வணக்கப் படங்கள் இப்போதே தினமும் பத்துப் பேரிடமிருந்து வருகின்றன. அவள் தலையாட்டினாள்.

அவளையும் பெரிய செட்டையும் ஏற்றிவந்த மினி வேன் ஆட்டையாம்பட்டியை நெருங்கும்போது டிரைவர் கேட்டார். "ஏனுங்கக்கா, இவ்வளவு பெரிய பொட்டி, யாருகூடப் பேசறதுக்குங்க?"

"யாருமில்லீங்க," என்றாள் கலைமணி.

அவள் வேடிக்கையாகச் சொன்னதாக எண்ணி அவர் சத்தமாகச் சிரித்தார்.