பதினோரு மணிக்கு ஐந்து போன்கள்

காலை எட்டு மணிக்குள் நாச்சிமுத்து வீட்டு அலாரம் ஏழு முறை அலறிவிட்டது. ஏழு முறையும் அதை அலற வைத்தவர் நாச்சிமுத்துவேதான். நகைப்பெட்டி இருக்கும் அறையின் கதவைத் திறப்பார், கூரை அதிரும், கையிலிருக்கும் போனைப் பார்ப்பார். ‘கதவு திறக்கப்பட்டது’ என்ற செய்தி வர வேண்டும். மூன்று முறை வந்தது. நான்கு முறை வரவில்லை.

அவர் மனைவி மருதாத்தாள், ஓடி வந்த அக்கம்பக்கத்தாரை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

“கள்ளன் யாருமில்லீங்க. எங்க ஊட்டுக்காரருதான். போயி வேலையப் பாருங்க.”

அது காதில் விழ, நாச்சிமுத்துவின் மீசை துடித்தது.

கேரளாவின் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அந்த ஊரில் மாகாளியம்மனின் நகைப்பெட்டி நான்கு தலைமுறையாக இந்த வீட்டில்தான் இருக்கிறது. விளக்கேற்றிய வீட்டிலிருந்துதான் அம்மன் நகை திருவிழாவுக்குப் புறப்பட வேண்டும். பேங்க் லாக்கரிலிருந்து புறப்படும் வழக்கம் இங்கே கிடையாது. போன வருடம் பக்கத்து ஊர்க் கோயிலில் திருட்டு நடந்த பிறகு, அலாரம் வைத்தால்தான் பெட்டி வீட்டில் இருக்கலாம் என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது. இந்த மாதம்தான் நாச்சிமுத்து வைத்தார். கதவு திறந்தால் அவர் போனோடு கமிட்டிக்காரர் ஐந்து பேரின் போனுக்கும் செய்தி போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் இரண்டு வாரமாக ஐந்து பேருக்கும் அலாரக் கம்பெனியிலிருந்து ‘தொடர்பு இல்லை’ என்ற அறிவிப்புதான் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது.

பங்காளி பூபதிராஜா சும்மா இருப்பாரா? கமிட்டியில் அவரும் ஒருவர். “எங்க ஊட்டுல இரும்பு அறையே இருக்குதுங்க. பெட்டி அங்க வரட்டும்” என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டார். முடிவு இதுதான்: இன்று பதினோரு மணிக்குக் கமிட்டி நேரில் வரும். கதவு திறந்த அரை நிமிடத்துக்குள் ஐந்து போனும் ஒலித்தால் பெட்டி இங்கே. ஒன்று தவறினாலும் பூபதிராஜா வீட்டுக்கு.

அந்தப் பெட்டி ஊர் பார்க்கத் தெருவில் இறங்கிப் பங்காளி வீட்டுக்குப் போவதா? நாச்சிமுத்து காலையிலேயே அலாரத்தை அலற விட்டதும் அதனால்தான்.

எட்டரைக்குப் பாலக்காட்டிலிருந்து கம்பெனி ஆள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஜிஷா. மூணாறுப் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்த பெண்.

“வாங்க அம்மிணி. ரெண்டு வாரமாப் போன் பண்ணிக் கத்துறேன். இப்பத்தான் உங்க கம்பெனிக்கு வழி தெரிஞ்சுதா?”

“வந்துட்டேன்லா ஐயா. முதல்ல பாக்கேன், பொறவு திட்டுங்க.”

கரண்ட் வருகிறதா என்று பார்த்தாள், வந்தது. பேட்டரியைக் கழற்றி அளந்தாள், நன்றாக இருந்தது. ஆன்டெனாக் கம்பியைச் சன்னலுக்கு வெளியே இழுத்துக் கட்டினாள். மூன்று தடவை செய்தி வந்தது, நான்காவது வரவில்லை. அப்புறம் லேப்டாப்பை அலாரப் பெட்டியோடு கேபிளால் இணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“ஐயா, கதவத் திறங்க.”

திறந்தார். அலறியது.

“மூடுங்க. திறங்க.”

நிமிர்ந்த முதுகு வளையாமல் திறப்பதும் மூடுவதுமாக நின்றார். பதினைந்தாவது தடவை அவருக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. செய்தி வந்தால் “வந்துருச்சு!” என்று சத்தம் போட்டார், வராவிட்டால் கதவை அடித்து மூடினார். மணி பத்தே முக்கால்.

“சிக்கினாம்லா!” என்று ஜிஷா துள்ளி எழுந்தாள். “இங்க பாருங்க. சிக்னல் குறையவே இல்ல. ஆனா அலாரப் பெட்டி ஒரு டவர்ல நிக்க மாட்டேங்கு. தமிழ்நாட்டு டவரப் பிடிச்சா செய்தி போகுது. கேரளா டவருக்குத் தாவுனா நின்னு போகுது. உள்ள இருக்கது தமிழ்நாட்டு சிம்மு, அதுக்குக் கேரளா அசலூர். அசலூர் டவர்ல நெட்டைத் தொடாதன்னு பெட்டில ஏற்கெனவே சொல்லி வச்சிருக்கு. எங்க கம்பெனி குடுத்தது கேரளா சிம்மு ஐயா. இத யாரு மாத்துனது?”

நாச்சிமுத்து சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாற்றியது அவர்தான். அலாரம் மாட்டிய மறுநாளே. கல்யாணப் பட்டும் மோட்டாரும் மருந்தும் பொள்ளாச்சியில் வாங்கிய குடும்பம் அது. வீட்டில் இருந்த நம்பரெல்லாம் பொள்ளாச்சி நம்பர். அம்மன் நகைக்குக் காவல் இருக்கும் பெட்டிக்குள் மட்டும் முன்பின் தெரியாத பாலக்காட்டு நம்பரா என்று, தானே மூடியைத் திறந்து பொள்ளாச்சி சிம்மைச் செருகிவிட்டார். அந்த நம்பரில் வீட்டிலிருந்து போன் பேச முடிந்ததால் பெட்டியும் பேசும் என்று நினைத்துவிட்டார்.

“அந்தப் பழைய சிம்மு இருக்கா ஐயா?”

பீரோவைத் திறந்து, கம்பெனிக் காகிதத்தோடு பத்திரமாக வைத்திருந்த சிம்மை எடுத்துக் கொடுத்தார்.

ஜிஷா அதைச் செருகி, பெட்டியை மறுபடி உயிர்ப்பிக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம். கமிட்டி பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டது. முன்னால் தலைவர் சிவப்பிரகாஷ். அவர் தோளை ஒட்டிப் பூபதிராஜா.

“ஏனுங்கண்ணா, இன்னும் பிரிச்சுத்தான் போட்டிருக்கீங்களா?” என்றார் பூபதிராஜா. “கம்பெனியே சரியில்லீங்க தலைவரே. இந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்?”

“கம்பெனி மேல ஒரு புகார் எழுதிருவோம்” என்றார் தலைவர். “நாச்சிமுத்தண்ணன் என்ன பண்ணுவாரு பாவம்.”

ஜிஷா தலை நிமிரவில்லை. நாச்சிமுத்து பேசாமல் இருந்தால் போதும். பழி கம்பெனியோடு போய்விடும், வீட்டுப் பேர் தப்பிக்கும்.  ஆனால் தன் வீட்டுக்குள் வைத்து ஒரு பொய் தன்னைக் காப்பாற்றுவது அவருக்குப் பொறுக்கவில்லை.

“புகார் எழுதறதுன்னா என்ற பேர்ல எழுதுங்க. கம்பெனி சிம்மை எடுத்துப்போட்டு பொள்ளாச்சி சிம்மைச் செருகுனது நானுங்க. ரெண்டு வாரமா இந்த அம்மிணியோட ஆபீசத் திட்டுனதும் நானுங்க.”

 பூபதிராஜாவின் முகம் மலர்ந்தது. “கேட்டீங்களா தலைவரே? காவல் காக்கறவரே கை வெச்சிருக்காரு!”

தலைவர் தாடையைத் தடவினார். “அண்ணா, இன்னைக்கு அது சரியாவே பேசட்டும். நாளைக்கு மறுபடி நீங்க மூடியத் திறக்க மாட்டீங்கன்னு எதை நம்பறது?”

நாச்சிமுத்து இடுப்பிலிருந்து அலாரப் பெட்டியின் சாவிக்கொத்தை அவிழ்த்தார். “ரெண்டு சாவியும் இதுலயே இருக்குதுங்க. இனிமே கமிட்டி கையில இருக்கட்டும். கதவையும் நான் தொட மாட்டேன். பூபதி, நீயே திற. நான் ஏதோ வித்தை பண்ணேன்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது.”

“பச்ச லைட்டு வந்துட்டு. திறங்க” என்றாள் ஜிஷா.

பூபதிராஜா கதவை இழுத்தார். அலாரம் அலறியது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினார். ஐந்தில் ஒரு போன் ஒலித்தது. ஏழில் இன்னொன்று. ஒன்பதில் தலைவருடையது, அவர் கையிலேயே துள்ளியது. பதினொன்றில் நான்காவது. பதினைந்து. இருபது.  இருபத்திரண்டு.

“எனக்கு வரலீங்க!” என்று பூபதிராஜா வாய் திறந்ததும், அவர் சட்டைப் பையே கத்தியது.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் மருதாத்தாளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைவரும் சிரித்துவிட்டார். “இருபத்துமூணு. பெட்டி இங்கயே இருக்கட்டும். சாவி என்கிட்ட.”

ஜிஷாவின் பக்கம் திரும்பிய நாச்சிமுத்து, யாருக்கும் கைகூப்பாத மனிதர், கைகூப்பினார். பிறகு முகமெல்லாம் சிவக்க, சின்னப் பையனைப் போலக் குரல் உயர்த்தினார்:

“பூபதி, மூடிப்போட்டு இன்னொருக்கா திற! இந்தத் தடவ நானே எண்ணறேன்!”