கால் மில்லிமீட்டர்

மாமனாரின் துப்பாக்கிக்கு வயது தொண்ணூற்று நாலு, மாமனாருக்கு எழுபத்தாறு. இரண்டில் எதற்கு உதிரி பாகம் கிடைப்பது கஷ்டம் என்று கேட்டால், மருமகள் யோசிக்காமல் துப்பாக்கியைத்தான் சொல்வாள். மாமனாருக்கு முட்டி மாற்றியாயிற்று. பல் செட்டு, அவளே செய்து கொடுத்தது. இடது கண்ணில் பார்வை போன பிறகு வலது கண்ணை வைத்துக்கொண்டே சுடும் போட்டிகளில் இரண்டு கோப்பை வாங்கிவிட்டார். ஆனால் அந்த ரைஃபிளைச் செய்த கம்பெனியை மூடி அறுபது வருஷம் ஆகிறது.

தோட்டாவின் அடி விளிம்பில் தட்டினால் வெடிக்கிற ரகம் அது. தட்டுகிற ஊசியின் முனைதான் உடைந்திருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இரும்பு. மூத்தோர் போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்கு மூன்று வாரம் இருந்தது. அவள் பல் லேபில் வேலை பார்க்கிறவள், பொடிச் சாமான்களோடு பழகிய கை. அதனால் தேடுகிற வேலை அவள் தலையில் விழுந்தது.

துப்பாக்கி கிளப் மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கு ஊசி தேடுற நேரத்துல உங்க மாமாவுக்கு இன்னொரு கண்ணே வாங்கிடலாம்."

பதினோரு இடத்துக்குப் போன் போட்டாள். ஒருவர் வேறு ஏதோ ஸ்பிரிங்கின் படத்தை அனுப்பினார். ஒருவர் துப்பாக்கியையே விலைக்குக் கேட்டார். கடைசியில், போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை காலையில், மூடப்போகிற ஒரு பழைய துப்பாக்கிக் கடையில் கடைக்காரரின் மனைவி மூன்று பிஸ்கட் டின்களைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார்.

"எது எந்த மாடலுக்குன்னு எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அவருக்குத்தான் தெரியும். அவரு ஆஸ்பத்திரில இருக்காரு. பாத்து எடுத்துக்கோ."

இரண்டு மணி நேரம் கிளறியதில், அச்சு அசல் அதே மாதிரி இரண்டு ஊசிகள் அகப்பட்டன. இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

மதியம் சாப்பாட்டு மேஜையில் ஒன்றைப் பொருத்தினாள். சட்டென்று உட்கார்ந்தது. மாமனார் பின்னாலேயே நின்று அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழசோட அளந்து பாத்தியாம்மா?"

அளவுகருவி லேபில் இருந்தது. லேப் அன்றைக்கு அரை நாள், பூட்டியாயிற்று. மூன்று வாரமாய் அலைந்த அலைச்சலில் கழுத்து இற்றுப்போயிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"பாத்துட்டேன் மாமா. எல்லாம் சரியா இருக்கு."

சொன்ன கையோடு உடைந்த ஊசியையும் மிச்ச ஊசியையும் கைப்பையில் போட்டாள். கண்ணுக்கு ஒரே அளவாகத்தானே தெரிகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு அவசர வேலைக்காக லேபுக்குப் போனவள், விளக்கைப் போட்டதும் முதலில் அதைத்தான் செய்தாள். உடைந்த ஊசியையும் முனையையும் ஒட்ட வைத்து அளந்தாள். பிறகு மிச்சமிருந்த புது ஊசியை அளந்தாள். மறுபடி அளந்தாள்.

புதுசு பழசைவிடக் கால் மில்லிமீட்டர் நீளம். முனையும் கூர்.

பல் செட்டில் அவ்வளவு தூக்கலாக இருந்தால் மனுஷன் வாயை மூட முடியாது. இங்கே என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தேடி அலைந்தபோது ஆளாளுக்குச் சொன்ன கதைதான். ஊசி விளிம்பைத் தட்டுவதோடு நிற்காமல் துளைத்துவிடும், உள்ளே வெடிக்கிற நெருப்புக்காற்று பின்பக்கமாகப் பீறிடும். பின்பக்கம் இருப்பது சுடுகிறவரின் முகம். அவருடைய வலது கண்.

போன் போட்டாள். எடுக்கவில்லை. மைதானத்தில் போனை அணைத்துவைக்கச் சொல்வார்கள். கதவைப் பூட்டினாளா என்றுகூட நினைவில்லை. ஸ்கூட்டரை முறுக்கினாள். சிக்னலில் சிவப்பு விழுந்தது. தொண்ணூறு வினாடி என்று காட்டியது, அது எண்பத்தேழாக இறங்கும்வரைக்கும்தான் பொறுத்தாள்.

வாசலிலேயே சத்தம் கேட்டது. பட், பட். எது அவருடையது?

சுடுகிறவர்களில் மூன்றாவதாக அவர் முதுகு தெரிந்தது. காதுக்கவசம் போட்டிருந்தார், கத்தினால் கேட்காது. சுடுகிறவரைப் பின்னாலிருந்து தொடவும் கூடாது. மேற்பார்வையாளரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நிறுத்துங்க! மூணாவது ஆளு, துப்பாக்கில கோளாறு!"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், காரணம் கேட்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். மாமனார் எரிச்சலோடு திரும்பினார்.

"என்னம்மா இது? மூணுதான் சுட்டிருக்கேன், நல்லா போய்க்கிட்டிருக்கு!"

தட்டில் காலி தோட்டாக்கூடுகள் மூன்று கிடந்தன. அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள். முதலிரண்டில் ஆழமான பள்ளம். மூன்றாவதில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை, சுற்றிலும் கரி. பிறகுதான் அவர் மூக்குக்கண்ணாடியைக் கவனித்தாள். வலது சில்லின் ஓரத்தில் கறுப்பாக ஒரு தீற்றல்.

"இது என்ன மாமா?"

"வேர்வைன்னு நினைச்சு துடைச்சேன்…" சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். விரலில் கரி ஒட்டியது.

அவள் கூட்டைத் தட்டில் வைத்தாள். "நேத்து நான் அளக்கல மாமா. அளந்தேன்னு பொய் சொல்லிட்டேன்."

பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்.

"ஊர்பேர் தெரியாதவனோட பல்லை அளக்காம விடுவியா?"

"மாட்டேன்."

"அப்போ என் கண்ணு அவன் பல்லை விட மட்டமா?"

 அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கிளப் துப்பாக்கி ஒன்றை வாங்கிச் சுட்டு, கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தார். வீட்டில் மகன் விசாரித்தபோது, "பழைய சாமான், மக்கர் பண்ணிடுச்சு" என்று முடித்துவிட்டார். மருமகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் ஒன்பது நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த ஒன்பது நாளில் அவளும் மெக்கானிக்கும் மிச்ச ஊசியை இழைத்துக் குறைத்தார்கள். இந்தத் தடவை மெக்கானிக் சிரிக்கவில்லை. முனையை மழுக்கி, துப்பாக்கியை மேஜையில் இறுகக் கட்டி, தூர நின்று கயிறு இழுத்து இருபத்தைந்து தோட்டா சுட்டார்கள். ஒவ்வொரு கூட்டையும் அவள் லென்ஸில் பார்த்தாள். ஓட்டை இல்லை. இருபத்தைந்தையும் காகிதத்தில் பொதிந்து மாமனார் முன்னால் வைத்தாள். அவர் இருபத்தைந்தையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "காபி இருக்கா?" என்றார்.

அடுத்த மாதப் போட்டியில் நாலாவதாக வந்தார். காற்று சரியில்லையாம். முதல் சத்தம் கேட்டதிலிருந்து கடைசிச் சத்தம் அடங்கும்வரை, அவள் வெளியே ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.