கறை போக்கும் கிணறு

தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டிய வீட்டுக் கிணற்று நீரில் துவைத்தால், புடவையிலிருந்து கறையோடு சேர்த்துப் பூக்களும் போய்விடும். முதலில் எண்ணெய்ப் பிசுக்குதான் போனது. அக்கம்பக்கத்தார் அழுக்கு மூட்டையோடு வந்தார்கள். சோப்புக் கடைக்காரர் வயிறெரிந்தார். பிறகு கட்டம் போட்ட சட்டைகளில் கட்டம் போனது, தட்டுகளில் பொறித்திருந்த பெயர்கள் போயின. வெள்ளைச் சட்டை யாருக்கும் பொருந்தும் என்று தெரு தேற்றிக்கொண்டது.

வீட்டுக்காரர் அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே சர்க்யூட் போர்டு செய்தார்கள். போர்டுகளைத் திரவத்தில் முக்கி, ஒட்டிய பிசுக்கைக் கழுவியது இவர். ஷிப்டு முடிந்ததும் அழுக்குத் திரவத்தைப் பின்சுவரோரம் மண்ணில் ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினார். கையில் பட்டால் ஜில்லென்று கணத்தில் காய்ந்துவிடும் சரக்கு. மண்ணிலும் அப்படித்தான் காயும் என்று மேலாளர் முதல் வாட்ச்மேன் வரை நம்பினார்கள். அது காயவில்லை, கீழே இறங்கியது. தொழிற்சாலையை மூடி நிலத்தை மனை போட்டபோது, பழகின இடமாயிற்றே என்று சுவரோரத்து மனையையே வாங்கிக் கிணறு வெட்டினார். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். விதைக்கச் சொன்னவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மருமகளுக்கு ஏழாம் மாதம். கோடையில் நீர்மட்டம் இறங்கியிருந்த ஒருநாள், அவள் நீட்டிய செம்பில் பழைய வேலையின் இனிப்பான வாடை அடித்தது. செம்பைத் தட்டிவிட்டார்.

"இத்தனை மாசமா இதையா குடிச்சே?"

"வேற எதைக் குடிக்கிறது மாமா?"

கிணற்றை மூடினார்கள், லாரித் தண்ணீர் வாங்கினார்கள். பூவைக் கழற்றும் தண்ணீர் வயிற்றுப் பிள்ளையிடமிருந்து எதைக் கழற்றியதோ என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. "ஊத்தச் சொன்னவன் நல்லாத் தூங்குறான், நீங்க சாப்பிடுங்க" என்று மனைவி தட்டை நகர்த்தினாள்.

பேத்தி குறையில்லாமல் பிறந்தாள். வெயிலில் தூக்கி வந்தபோதுதான் தெரிந்தது, குழந்தைக்கு நிழல் இல்லை. எடை சரியாக இருக்கிறது, நிழலுக்கு மருந்து கிடையாது என்றார் டாக்டர். தாத்தா அன்று வாய்விட்டு அழுதார். மறுநாளிலிருந்து குழந்தை வெயிலுக்கு வரும்போதெல்லாம், தன் நிழல் அவள் காலடியில் விழும்படி போய் நின்றார். அவள் ஓடப் பழகியதும் அவரும் ஓடினார்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள், அவருக்கு முட்டிவலி. தெருவுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள், "உன் நிழல் எங்க?" என்று கேட்டார்கள். அவள் படியில் அமர்ந்திருந்த தாத்தாவைக் காட்டினாள்.

"அதோ, மூச்சு வாங்குதுன்னு உக்காந்திருக்கு. கொஞ்ச நேரத்துல வரும்."

பிள்ளைகளுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.