கறி தின்ற வாயோடு

கோவையின் பழைய கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாம் சுற்றிப் பார்க்கவென்று மகள் புவனா சாந்தாமணியைக் கிணத்துக்கடவிலிருந்து கிளப்பிக் கூட்டி வந்திருந்தாள். முதலில் நூறு வருஷம் தாண்டிய மாதா கோயில். படியில் கால் வைத்தபோதுதான் சாந்தாமணிக்கு உறைத்தது: காலையில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டது நேற்றைய ஆட்டுக்கறிக் குழம்பு! கவுச்சி தின்றுவிட்டு எந்தக் கோயில் படியும் அவள் ஏறியதில்லை. வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சர்ச்சுக்கு அதெல்லாம் இல்லம்மா," என்றாள் புவனா.

"உனக்கென்ன தெரியும்? சாமின்னா எல்லாம் சாமிதான்," என்று சீறிவிட்டு வெயிலிலேயே நின்றாள்.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த சர்ச் பணியாளர் நிமிர்ந்தார். "ஏனுங்கம்மா, உள்ள வரலீங்களா?"

சாந்தாமணி குரலைத் தாழ்த்தினாள். "காலைல கறி தின்னுபோட்டனுங்க. உள்ள வந்தா குத்தமாயிருமுங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "ஒரு குத்தமும் இல்லீங்க. மாதாவைக் கும்புட்டுப்போட்டுப் பின்பக்கம் வாங்க. இன்னைக்குத் திருவிழாங்க. பந்தியில மட்டன் பிரியாணி."

சாந்தாமணி செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று படியேறினாள்.

"சுருக்கா வா கண்ணு. கும்புட்டுப்போட்டு எடம் புடிக்கோணும்."