ஓம் மிஸ்

கணக்குப் பிழைத்து ஒரு நோயாளிப் பிள்ளையைச் சாகவிட்டவளைக் கணக்குப் படிப்பிக்க அனுப்பியிருந்தார்கள். இதைவிட வேறு பகிடி வேண்டுமா என்று றஜிதாவே நினைத்தாள். நினைத்தாளே தவிரச் சிரிப்பு வரவில்லை. மூன்று கிழமையாக அவளுக்குச் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. விசாரணை முடியும்வரை அவள் ஆஸ்பத்திரி வாட்டில் நிற்கக் கூடாது என்று உத்தரவு. சம்பளம் கொடுத்து வீட்டில் இருத்தவும் முடியாது. ஆளை எங்கே வைப்பது என்று தெரியாத மேட்றன், தாதியர் பள்ளியில் போய் உதவி செய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பள்ளிக்குப் பொறுப்பான பிரசாந்தி மிஸ் ஒரு பட்டியலை நீட்டினார். மருந்தின் அளவைக் கணக்கிடும் பரீட்சையில் தவறிய ஏழு பேரின் பெயர்கள்.

"வெள்ளிக்கிழமை திருப்பிச் சோதினை. ஆறு பேருக்கு இது ரெண்டாந்தரம், அவை எப்பிடியும் தப்பியிடுவினம். உந்தக் கடைசிப் பேரைப் பாருங்கோ, மூண்டு கிழமைக்குள்ளை மூண்டாந்தரம். இதிலையும் விட்டாளெண்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். முதல் வருசம் கணக்கிலை நல்ல கெட்டிக்காரி. இப்ப என்ன பேய் பிடிச்சுதோ தெரியேல்லை."

கடைசிப் பெயர் நிவேதனா. ஊர் கரவெட்டி. படித்ததும் றஜிதாவின் நெஞ்சு ஒருமுறை பலமாக அடித்தது. பிறகு பழையபடி மரத்துப்போயிற்று.

அன்றைக்குப் பக்கத்தில் நின்றவள் இவள்தான்.

பதினோராம் கட்டிலில் பத்து மாதப் பிள்ளை, ஆரபி. சுடுதண்ணீர்க் கேத்தில் சரிந்து ஊற்றி நெஞ்சும் வயிறும் வெந்துபோயிருந்தன. புண்ணைக் கழுவுவதற்கு முன் நோவுக்கு மோபின் ஏற்றச் சொல்லி டொக்டர் அட்டையில் எழுதியிருந்தார். .8 என்று எழுதியிருந்தார். முன்னால் பூச்சியம் போடவில்லை, புள்ளி அட்டையின் கோட்டிலே விழுந்து கிடந்தது. றஜிதா எட்டு என்று படித்தாள். பிள்ளையின் நிறையைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தால் அகப்பட்டிருக்கும். போடவில்லை. பதினொரு வருட அனுபவம், அதிலே வந்த தெம்பு. அளவு மிஞ்சினால் மூச்சை நிறுத்திவிடும் மருந்து என்பதால், மோபினை இரண்டு பேர் பார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டும். மற்றத் தாதி ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குப் போயிருந்தாள். பயிற்சிக்கு வந்த பெட்டை ஒன்று தட்டத்தைப் பிடித்தபடி நின்றது.

"எட்டு மில்லி, சரியோ?" என்று றஜிதா சிரிஞ்சை உயர்த்திக் காட்டினாள்.

"ஓம் மிஸ்," என்றது பெட்டை.

பாதி ஏற்றும்போதே பிள்ளையின் அழுகை அடங்கிவிட்டது. தாய் றஜிதாவின் கையைப் பிடித்து, "உங்களுக்கு நல்ல கை மிஸ், ரெண்டு நாளைக்குப் பிறகு இப்பதான் நித்திரை கொள்ளுறாள்," என்றாள். அந்த வசனம்தான் றஜிதாவுக்குள் கிடந்தது. பிறகு நடந்த ஓட்டமும் கூச்சலும் நாலாம் நாள் வந்த செய்தியும் வேறு யாருக்கோ நடந்தவை மாதிரி இருந்தன. சோறு சாப்பிட்டாள், ருசி தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் தூரத்தில், திருநெல்வேலியில் வாடகை அறை எடுத்திருந்தாள். பஸ்ஸில் ஏறினால் இறங்க மறந்து இரண்டு ஹோல்ட் தள்ளிப்போய் நடந்து வந்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் அவளும் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதத்தை ஏற்கெனவே எழுதிப் பையில் வைத்திருந்தாள். அதன் கடைசி வரி: 'அவ்வேளையில் மருந்தைச் சரிபார்க்க என்னுடன் வேறு எவரும் இருக்கவில்லை.' பெட்டையின் பெயரை எழுதினால் பெட்டையின் படிப்பும் போகும். தன் கையால் ஒரு பிள்ளை போனது போதும் என்று இருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நிவேதனா கடைசி வாங்கில், யன்னல் ஓரம். றஜிதாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. றஜிதாவும் அவளைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"குப்பியிலை ரெண்டு மில்லிக்கு எண்பது மில்லிகிராம் மருந்து. டொக்டர் அறுபது மில்லிகிராம் குடுக்கச் சொல்லுறார். எத்தினை மில்லி?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் கொப்பியைத் திறக்க முதலே கரும்பலகையில் பதினைந்து என்று எழுதினாள். "பதினைஞ்சு. சரியோ?"

"ஓம் மிஸ்," என்றன ஏழு வாய்களும்.

முன் வாங்கில் ஜெரோசன் என்றொரு பெடியன். கொப்பியில் ஒன்று தசம் ஐந்து என்று சரியாகப் போட்டிருந்தான். பலகையைப் பார்த்தான், கொப்பியைப் பார்த்தான், பிறகு தசப் புள்ளியை மெல்ல அழித்துவிட்டான். றஜிதா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏன் தம்பி அழிச்சனி?"

"நீங்கள் பதினைஞ்சு எண்டு எழுதினியள் மிஸ்."

"பதினைஞ்சு மில்லி வேணுமெண்டால் எத்தினை குப்பி உடைக்கவேணும்?"

பெடியன் விரல் மடித்தான். "எட்டு."

"ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துக்கு எட்டுக் குப்பி உடைச்ச தாதியை எங்கையாவது கண்டிருக்கிறியோ?"

வகுப்பு சிரித்தது. கடைசி வாங்கு சிரிக்கவில்லை. றஜிதாவும் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஒரேயொரு குப்பிதான் உடைந்தது என்பது அவளுக்கு நினைவு வந்தது. பதினைந்து மில்லிகிராம் மோபின் குப்பி ஒன்றைச் சேலைனில் கலந்தால் பதினைந்து மில்லி, ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம். அதில் எட்டை ஏற்றினாலும் ஒரு குப்பிதான், ஒன்றுக்குக் குறைய ஏற்றினாலும் ஒரு குப்பிதான். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

பின்னேரம் எல்லோரும் போன பிறகு கடைசி வாங்கில் ஒரு கொப்பி கிடந்தது. நிவேதனாவின் கொப்பி. றஜிதா அதை எடுத்துப் புரட்டினாள். பின்பக்கம் முழுக்கப் பென்சிலால் போட்ட கணக்குகள். ஒவ்வொன்றையும் தானும் போட்டுப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிழையில்லை. முன்பக்கம் பேனையால் எழுதிய விடைகள் அத்தனையும் பிழை. பின்னால் இரண்டு தசம் நாலு என்றால் முன்னால் இருபத்துநாலு. வேண்டுமென்றே எழுதியது.

கொப்பியைத் தேடி நிவேதனா திரும்பி வந்தாள். றஜிதாவின் கையில் அதைக் கண்டதும் கதவடியிலேயே நின்றுவிட்டாள்.

"உனக்குக் கணக்குத் தெரியுது. ஏன் பிழையாய் எழுதுறாய்?"

நிவேதனா உள்ளே வந்து கொப்பிக்குக் கை நீட்டினாள்.

"வீட்டை போக விருப்பமெண்டால் எழுதிக் குடுத்துப்போட்டுப் போகலாமே. ஏன் உந்தக் கூத்து?"

"எழுதிக் குடுத்தால் ஏனெண்டு கேப்பினம் மிஸ்." பெட்டை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஃபெயில் எண்டால் ஒருத்தரும் கேக்காயினம்."

"என்னத்தைக் கேப்பினம்?"

"அண்டைக்கும் எனக்குத் தெரியும் மிஸ். எட்டுக் கிலோப் பிள்ளைக்குப் பூச்சியம் தசம் எட்டு. நீங்கள் மருந்து கலக்கேக்கை நான் மனதுக்குள்ளை போட்டனான். நீங்கள் எட்டு எண்டு காட்டினியள். மிஸ்ஸுக்குத் தெரியாததோ, நான்தான் எங்கையோ பிழைவிட்டிட்டன் எண்டு நினைச்சன். திருப்பிப் போட்டன். திருப்பியும் அதுதான் வந்தது. அதுக்குள்ளை வாயாலை ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

றஜிதாவுக்கு மூன்று கிழமைக்குப் பிறகு ஒன்று வந்தது. கோபம். கை நீட்டி அந்தக் கன்னத்தில் ஒன்று போட வேண்டும் போல இருந்தது. ஒரு சொல். இல்லை மிஸ் என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் பிள்ளை இப்போது தவழ்ந்து திரியும். நிவேதனா கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள், அடியுங்கோ என்பது போல. அதைக் கண்டதும் கோபம் எழும்பிய இடத்திலேயே அடங்கிப்போயிற்று.

"நான் விடையைச் சொல்லிப்போட்டுச் சரியோ எண்டு கேட்டனான்," என்றாள் றஜிதா. "அது கேள்வியில்லை. உன்னை நான் கேக்கவேயில்லை."

நிவேதனா கொப்பியை வாங்கிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை எதை எழுதப்போகிறாள் என்று றஜிதா கேட்கவில்லை. கேட்டால் "சரியாய் எழுதுறன் மிஸ்" என்று, அன்றைக்கு ஓம் சொன்னது மாதிரியே, சொல்லிவிடுவாள் என்ற பயம்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து வகுப்பை மாற்றினாள். இரண்டு இரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வேண்டும். கணக்கை இருவரும் தனித்தனியே போட வேண்டும். முடித்த பிறகுதான் திரும்பித் தாளைக் காட்டலாம். அதுவரை வாய் திறந்தால் வகுப்புக்கு வெளியே. ஏழு பேர் என்பதால் ஒருத்தி மிஞ்சினாள். நிவேதனாவின் முதுகோடு றஜிதா நின்றாள்.

முதல் நாள் திரும்பும்போதெல்லாம் பெட்டை றஜிதாவின் தாளைப் பார்த்துவிட்டுத் தன் தாளை அழித்தாள். றஜிதா பென்சிலைப் பறித்துப் பேனையைக் கொடுத்தாள். புதன்கிழமை வேண்டுமென்று ஒரு பிழை விட்டாள். நிவேதனா கண்டும் தன் தாளை மடித்து வைத்துவிட்டாள். வியாழக்கிழமை இன்னொரு பிழை. இந்தமுறை வேண்டுமென்று விட்டதல்ல. பெருக்குவதற்குப் பதில் பிரித்துவிட்டாள். நிவேதனா நெடுநேரம் இரண்டு தாளையும் பார்த்தாள்.

"மிஸ், திருப்பிப் போட்டுப் பாருங்கோ," என்றாள். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல வந்தது.

றஜிதா திருப்பிப் போட்டாள். பிழைதான். "என்ரைதான் பிழை," என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சோதனை. பதினொன்றரைக்குப் பிரசாந்தி மிஸ் திருத்திய தாள்களோடு வெளியே வந்தார். "ஏழு பேரும் பாஸ். உந்தக் கரவெட்டிப் பெட்டை இருபதுக்கு இருபது. என்ன மந்திரம் போட்டியள்?" என்றார். றஜிதா தலையை ஆட்டினாள். சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை.

கடிதம் இன்னும் பையில் கிடந்தது. பன்னிரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். அதில் பிள்ளையின் நிறை, மருந்தின் அளவு, நேரம் என்று நிறைய எண்கள். இப்போதெல்லாம் தான் எழுதிய எந்த எண்ணையும் றஜிதா நம்புவதில்லை. நன்றி சொல்ல வந்து நின்ற நிவேதனாவிடம் கடிதத்தை நீட்டி, "எண்ணுகளை ஒருக்காப் பார். மற்றதை விடு," என்றாள்.

நிவேதனா கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "முதல் நிறையைச் சொல்லுங்கோ." றஜிதா சொன்னாள். நிவேதனா ஒரு துண்டில் தானே கணக்கைப் போட்டாள். பிறகு கடிதத்தை நிமிர்த்தி, விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தாள்.

"எண்ணெல்லாம் சரி மிஸ்." விரல் கடைசி வரியில் நின்றது. "இது பிழை."

"அது எண் இல்லையே."

"ஒருத்தரும் இருக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். நான் நிண்டனான்."

"உனக்கு விசரே? இப்பதான் பாஸ் பண்ணியிருக்கிறாய். கடிதத்தைத் தந்துபோட்டு வாயை மூடிக்கொண்டு போ."

ஒரு மாதத்துக்கு முந்திய நிவேதனா என்றால் ஓம் மிஸ் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

"இல்லை மிஸ்," என்றாள்.

தாதிமாரின் எழுத்தில் பிழையை அழிக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது. பிழை தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். முதல் வருடத்தில் முதல் பாடம் அது. நிவேதனா பேனையை எடுத்தாள். கடைசி வரியின் நடுவால் நேராக ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் தன் பெயரையும் மாணவ இலக்கத்தையும் எழுதினாள். அதன்கீழ், 'நான் நின்றேன். அளவு பிழை என்று தெரிந்தும் ஓம் என்றேன்,' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். பிறகு கடிதத்தை றஜிதாவின் பக்கம் தள்ளினாள்.

"ரெண்டு பேர் கையெழுத்து வைக்கவேணும் மிஸ்."

றஜிதா பேனையை வாங்கினாள். அன்றைக்குச் சிரிஞ்சைப் பிடித்த அதே கை. பேனை முனையைத் தாளில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் நிறைந்து தாள் சரியாகத் தெரியவில்லை.

"இடம் சரியோ?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் கீழை," என்றாள் நிவேதனா.

றஜிதா கீழே கையெழுத்து வைத்தாள்.