புதன்கிழமை ஊசி

1927 மார்ச் 16, புதன்கிழமை. மலாயாவில், தங்காக்கை அடுத்த ரப்பர் தோட்டம் ஒன்றில், பால் எடை போட்டு முடிந்ததும், மணமாகாத பதினான்கு இளவட்டங்கள் ஆஸ்பத்திரிக் கூடத்துக்கு அழைக்கப்பட்டார்கள்.

தோட்டத்தில் மருந்து கொடுத்து ஊசி போடும் டிரெஸ்ஸர் கனகராஜ் கிரந்தி நோயைப் பற்றிப் பேசினார். மூவார் டவுனில் தாசி வீடுகளுக்குப் போனால் அது ஒட்டிக்கொள்ளும், வெட்கப்பட்டு மறைத்தால் பெண்டாட்டி பிள்ளைக்கும் போகும் என்றார். வாராவாரம் கை நரம்பில் ஊசி போட்டால் குணமாகும் என்று மஞ்சள் மருந்துக் குப்பியைத் தூக்கிக் காட்டினார்.

கூட்டத்தில் இருந்த வீரமுத்து குப்பியையே பார்த்தான். அந்த மஞ்சள் மருந்தைத்தான் போன வருஷம் ஆறு புதன்கிழமை தனலெட்சுமிக்குப் போட்டார்கள். ஊசிக்கு நிற்பவர்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஊர் பார்க்கத்தான் நிற்பார்கள். அவளுக்கும் அவனுக்கும் தைப்பூசத்தன்று பரிசம் போட்டாயிற்று, வைகாசியில் கல்யாணம்.

பின்னாலிருந்து செல்லப்பன் விலாவில் இடித்தான். "மாப்ளே, ஒம் பொண்ணுக்கு ஆறு ஊசியாச்சேடா! மூவாருக்கு யாருடா கூட்டிட்டுப் போனது?"

"வாய மூடுடா. அவளுக்குக் காலுல புரு."

புரு, தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கைகால்களில் கிளம்பும் புண். எல்லாரும் போனபின் வீரமுத்து மட்டும் நின்றான்.

"ஐயா, புருவுக்கும் இதே ஊசியா?"

"மருந்து இதேதான். சீக்கு வேற. புரு சின்னப் புள்ளைங்களுக்கே வரும், தோலோட தோல் பட்டா ஒட்டிக்கும். அதுல தப்பு ஒண்ணுமில்ல."

"ரத்தத்த எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடுங்களா?"

கனகராஜுக்குப் பொய் சொல்ல வராது. "ரத்தத்துல ரெண்டும் ஒண்ணாத்தாண்டா காட்டும். புண்ண நான் கண்ணால பாத்தேன். புருதான்."

வெளியே வந்தான். மருந்து ஒன்று, ரத்தமும் ஒன்று, நோய் மட்டும் எப்படி வேறாகும்? டிரெஸ்ஸர் பார்த்திருக்கிறார், நம்பலாம் என்று நினைத்தான். நாலடி நடப்பதற்குள் அந்த நினைப்பு கலைந்தது.

குழாயடியில் தனலெட்சுமி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்ன, பேய் அடிச்ச மாதிரி பாக்குறீங்க?"

அவன் கண் அவளுடைய முழங்கையின் உட்புறத்தில், ஊசி போட்ட இடத்தில் நின்றது. அவள் முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் செல்லப்பனின் பேச்சு லயத்து வீடுகள் முழுக்கப் பரவியிருந்தது. வீரமுத்துவின் தாய் பேச்சியம்மாள் மகனைப் பிடித்துக்கொண்டாள். "டிரெஸ்ஸரு என்னதாண்டா சொன்னாரு? இருக்குன்னாரா, இல்லேன்னாரா?"

"ரெண்டும் ஒண்ணுன்னாரும்மா. வேறன்னும் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாள் தனலெட்சுமி வீட்டுக்குப் போய்ப் பரிசப் புடவையைத் திரும்ப வாங்கி வந்தாள். சித்திரையில் தனலெட்சுமியின் குடும்பம் லாபிஸ் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனது.