கண்ணாடியைக் கழற்றிய ஆட்டம்

காலமெல்லாம் வயரிங் வேலை பார்த்தவன் நான். எதைத் தொடும் முன்பும் கரண்ட்டை நிறுத்திவிடுவேன். என்னிடம் உருப்படியான பழக்கம் அது ஒன்றுதான். அன்றைக்கு அதுவும் காலை வாரிவிட்டது.

நெல்லித்தோப்பில் ராஜவேலுவின் ஜூஸ் கடையில் ஃபிளிப்பர் என்கிற விளையாட்டு மெஷின் ஒன்று. பிரான்சுக்குப் போன யாரோ விற்றது. கண்ணாடிக்குக் கீழே இரும்புக் குண்டு உருண்டு, முட்டி, மணியடித்துப் புள்ளி ஏற்றும். அதிகம் எடுத்தவர் பெயரில் மூன்றெழுத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். முதலிடத்தில் ஆர், ஏ, ஜே. ராஜவேலு போன ஐப்பசியில் மாரடைப்பில் செத்துப்போனான். எழுத்து மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

உள்ளே, அணைத்தாலும் அந்த எழுத்தைக் காத்துவைக்கும் பேட்டரி கசிகிறது என்று அவன் மனைவி சந்திரகலா கூப்பிட்டாள்.

"அண்ணே, பேரு அழிஞ்சிடாதே?"

"மெஷின் ஓடிக்கினு இருக்கசொல்லவே மாத்திட்டா அழியாதும்மா. நான் யாரு!"

யாரென்று சீக்கிரமே தெரிந்தது. இடது கை, என்னைக் கேட்காமலே, சுவிட்சை அணைத்தது. வலது கை பேட்டரியைப் பிடுங்கியது. புதுசைப் போட்டு மெஷினை எழுப்பினால், முதலிடத்தில் கம்பெனிக்காரன் போட்டனுப்பிய ஏதோ எழுத்து.

சந்திரகலா கடை வாசலில் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தாள். நானே ஆடி அவன் பெயரைப் போட்டுவிடலாம் என்று பார்த்தேன். குண்டுகள் வரிசையாகக் குழியில் விழுந்தன. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி, விரலாலேயே குண்டை முட்டவிட்டேன்.

"என்னாண்ணே உள்ள கைய வுட்டுக்கினு?"

பின்னால் நின்றிருந்தாள்.

"அழிச்சிட்டேம்மா."

அவள் திட்டியிருக்கலாம். குண்டையே பார்த்தாள்.

"அவரும் இப்பிடித்தான் போட்டாரு. கண்ணாடிய நாந்தான் புடிச்சிக்கினு நின்னேன். ஊரெல்லாம் ஆடி செயிச்சேன்னு பீத்திக்கினாரு, திருட்டுப் பய."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவளே குண்டைத் தள்ளினாள். புள்ளி ஏறியது.

"போதும்ணே. அவர வுட அதிகமாயிடப் போவுது. அவரு எவ்ளோ எடுத்திருந்தாரு?"

எனக்குத் தெரியவில்லை.

"தெனம் தொடச்சேனே..." எண் மின்னும் இடத்தை விரலால் தொட்டாள். "பேர மட்டுந்தாண்ணே பாத்திருக்கேன்."

குண்டைக் குழியில் விட்டோம். மெஷின் பெயர் கேட்டது. அவளே மூன்றெழுத்தையும் போட்டாள். பேட்டரி பிடிக்கிறதா என்று தெரிய, அணைத்துப் போட வேண்டும். சுவிட்சைத் தொட எனக்குக் கை வரவில்லை. அவள்தான் அணைத்துப் போட்டாள்.

ஆர், ஏ, ஜே வந்தது. அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த எண்ணை, உதடசைத்து, மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.